பூக்காட்டில் படிக்காத சேதி

வீரப்பன் அண்ணன் மல்லிகைக் காட்டில் தண்ணீர் கட்டுவதும் மருந்தடிப்பதும் என் வேலை. கொடைரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தார்ச்சாலை எங்கள் ஊரோடு தீர்ந்துபோகும். அதற்கு அப்புறம் பூக்காடுதான். விடியுமுன்னே தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு பெண்கள் பூ எடுக்க இறங்குவார்கள். மொட்டாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காலையில் விட்ட மொட்டு அந்திக்கு வாய் திறந்துவிடும். திறந்த பூவை மண்டியில் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

அந்த வீட்டு மூத்தவன் யோகேஷ். கொஞ்ச நாள் நூல் மில்லுக்குப் போனான், அது ஒத்துவராமல் அப்பாவோடு திண்டுக்கல் மண்டிக்குப் பூ கொண்டுபோய்க்கொண்டிருந்தான். வலது கையில் 'சொர்ணம்' என்று அம்மா பேரைப் பச்சை குத்தியிருந்தான். மாசி மாதம் ஒரு நாள் பூ பனியில் நனைந்துபோயிற்று. ஈரப்பூ என்று மண்டிக்காரர் மூட்டையைத் தள்ளிவிட, அண்ணன் அவர் முன்னால் கைகூப்பி நின்றார். எல்லா வருசமும் நடக்கிறதுதான். அன்றைக்கு யோகேஷ் அதைச் செல்லில் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் அது ஊர் டீக்கடைக்கு வந்துவிட்டது. நடுவில் எவனோ அதற்கு ஒரு சிரிப்புப் பாட்டைச் சேர்த்துவிட்டிருந்தான்.

மறுநாள் மண்டி வாசலில், பூ வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், அண்ணன் செருப்பைக் கழற்றி மகனை அடித்தார்.

"உன்னை எப்படிக் கெஞ்ச விடுறாங்கன்னு நாலு பேர் பாக்கட்டும்னுதாம்ப்பா போட்டேன்" என்றான் யோகேஷ்.

"நான் கெஞ்சுறது எனக்கும் அவனுக்கும் மட்டுந்தாண்டா தெரிஞ்சிருந்துச்சு" என்றார் அண்ணன்.

யோகேஷ் தரையில் விழுந்த செல்லை எடுத்துத் துடைத்துக்கொண்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டான். மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை. செல்லில் கூப்பிட்டால் கொஞ்ச நாள் மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. அப்புறம் அடிப்பதும் நின்றுபோனது. ஸ்டேஷனில் ஒரு மனு கொடுக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கோவித்துக்கொண்டு போனவன் பசித்தால் வருவான், இதற்குப் போய் ஸ்டேஷன் வாசலில் நின்றால் இன்னொரு தடவை ஊர் சிரிக்கும் என்று அண்ணன் மறுத்துவிட்டார்.

மதினி சொர்ணலட்சுமி அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. காலையில் ஒரு சொம்பு கம்மங்கூழ், அதோடு சரி. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமலே முழுங்குவாள். மகள் பாண்டிச்செல்விதான் செல்லும் கையுமாக அலைந்தாள். யோகேஷுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பேர், இன்ஸ்டாகிராமில் ஒரு பேர், யூடியூபில் ஒரு பேர். அவன் கூட்டாளிகள் கரூரில், திருப்பூரில், ஈரோட்டில். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சேதிப் பக்கம். ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொள்ளும், எல்லாவற்றையும் திறந்தால் செல் சூடாகி நின்றுவிடும். அவளும் பிழிந்த துணி மாதிரி ஆகிப்போனாள்.

சின்னாளபட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் சௌகத் அலிதான் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். எது எது வேண்டுமோ அத்தனையையும் அதற்குள் விட்டுவிட்டால் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் என்றார். ஃபேஸ்புக் தனி, பேப்பர் தனி என்று இல்லை. யோகேஷ் பேரில் எங்கே ஒரு எழுத்து விழுந்தாலும் இங்கே வந்துவிடும். சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சேர்த்தார். யோகேஷின் கூட்டாளிகள், ஊர் ஊருக்கான சேதிப் பக்கங்கள், காணாமல் போனவர்களைத் தேடுகிற பக்கங்கள், ஆதரவற்றவர்களுக்கு உதவி செய்கிறவர்களின் பக்கங்கள். மண்டி விலையையும் ஒரு மூலையில் போட்டுவிட்டார்.

மதினிக்கு எழுத்து தெரியாது. எனக்கும் தலை நரைத்த பிறகு கற்ற எழுத்துதான், கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் செல்வி படிக்க, மற்றவர்கள் கேட்பது என்று ஆகிவிட்டது. அதுவும் எப்போது? வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து கேட்க மதினிக்குப் பொறுமை இல்லை. ராத்திரியில் வந்திருப்பது விடியும்போது தெரிந்தாக வேண்டும். விடியும்போது எல்லாரும் பூக்காட்டில் நிற்போம். ஆகவே செல்வி வரப்பில் நின்று செல்லைப் பார்த்துப் படிப்பாள், பெண்கள் நிரையில் பூ எடுத்துக்கொண்டே கேட்பார்கள்.

முதலில் எல்லாருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் ஒருவர் வெள்ளாடு மூன்று குட்டி போட்டதைப் போட்டிருப்பார். அதற்கு அடியில் டெல்லிச் சேதி வரும். அதற்கு அடியில் ஒரு பெண் தோசை சுடுவாள். பூ எடுப்பவர்களில் வயதில் மூத்தவள் ஜக்கம்மாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏத்தா செல்வி, ஆட்டுக்கும் மந்திரிக்கும் நடுவுல ஒரு கோடாச்சும் போடக்கூடாதா? எது யாரு பேசுறதுன்னே வெளங்கல."

"எல்லாம் ஒண்ணாத்தான் வரும் அப்பத்தா."

"வரட்டும் வரட்டும். நம்ம பய எந்த ஆட்டுக்குப் பின்னால நிக்கிறானோ."

மதினிகூட அன்றைக்குச் சிரித்தாள்.

பங்குனி பிறந்து சில நாளில், செல்வி படித்துக்கொண்டே போனவள் ஒன்றை நிறுத்தாமல் படித்துவிட்டாள். ரயில் பாதை ஓரத்தில் அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று அது ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் பாதி வெளியே வந்துவிட்டது. நிரையில் எல்லார் கையும் நின்றது.

எங்கள் பக்கம் பூக்காட்டுக்குள் சாவுப் பேச்சு பேசமாட்டார்கள். பூ எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? சாமிக்குப் போகும், தாலி கட்டுகிற பெண் தலைக்குப் போகும். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், அதுவரை எடுத்து மடியில் கட்டிய பூவை வாய்க்காலில் கொட்டிவிட வேண்டும். கையை மஞ்சள் தண்ணீரில் கழுவிவிட்டு, கிணற்று மேட்டுக் கன்னிமாருக்கு ஒரு பிடி வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஜக்கம்மாள் மடியை அவிழ்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். வாய்க்கால் தண்ணீரில் வெள்ளையாகப் போயிற்று மொட்டு.

மதினி மட்டும் மடியைப் பிடித்தபடி நின்றாள். "வயசு என்ன போட்டிருக்கு?" என்றாள்.

அறுபதுக்கு மேல் என்று போட்டிருந்தது. செல்வி அதைச் சொன்னதும் மதினி அப்படியே செடிக்குள் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் கம்மங்கூழும் குடிக்கவில்லை.

அடுத்த வாரமே இன்னொன்று. குளத்தில் மிதந்தது என்று ஒன்று. அப்போதும் அவன் இல்லை. ஆனால் பூ மறுபடி வாய்க்காலில் போனது. ஜக்கம்மாள் அண்ணனைக் கூப்பிட்டு, "பிள்ளையத் தேடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா எழவு படிக்கிற காட்டுக்கு எங்களால வர முடியாதுய்யா" என்று சொல்லிவிட்டாள். கல்யாண மாதம் வந்துகொண்டிருந்தது. பூ எடுக்க ஆள் இல்லாவிட்டால் அத்தனையும் செடியிலேயே பூத்துப்போகும்.

"ஒண்ணு அந்த டப்பாவை அணைச்சுப் போடு. இல்லன்னா எழவு வராம ஏதாச்சும் பண்ணு" என்றார் மகளிடம்.

அணைத்தால் மதினி செத்துவிடுவாள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். செல்வி அன்று மத்தியானம் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து அந்த ஆப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். வேண்டாத சொல்லை எழுதிக் கொடுத்தால், அந்தச் சொல் உள்ள எதுவும் கண்ணில் படாமல் அது ஒதுக்கி வைத்துவிடுமாம். சினிமா ரசிகர்கள் போடுகிற சண்டையைப் பார்க்கப் பிடிக்காதவர்களுக்காக வைத்தது போலிருக்கிறது. சடலம், பிணம், உடல், சாவு, இறந்த, அடக்கம் என்று அவள் எழுதினாள். வேறு என்ன சித்தப்பா என்று என்னைக் கேட்டாள். நான் விபத்து என்றேன். அதையும் எழுதினாள்.

"காட்டுக்கு மட்டுந்தான் சித்தப்பா. வீட்டுக்குப் போனதும் ஒதுக்கினதை நான் தனியா ஒருக்காப் பாத்துருவேன். அம்மாவுக்குச் சொல்லாதீங்க" என்றாள்.

சொன்னபடி கொஞ்ச நாள் பார்க்கவும் செய்தாள். மத்தியானம் கொல்லைப்புறம் போய் நின்று பார்ப்பாள். திரும்பி வரும்போது முகம் கறுத்திருக்கும். எவர் எவரோ செத்துக் கிடப்பதைத் தினமும் ஒருத்தி தனியாகப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் உலை வைக்க வேண்டும் என்றால் எத்தனை நாளைக்கு ஆகும்? அவளுக்குக் கல்யாண வயசு. பார்ப்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. பிறகு நின்றுவிட்டது. நின்றதற்கு அவள் மட்டும் காரணம் இல்லை.

காலையில் படிப்பது இப்போது நல்லதாகவே வந்தது. தேர் இழுத்தார்கள், மழை பெய்தது, கிணற்றில் விழுந்த நாயைத் தூக்கினார்கள். கேட்க இதமாக இருந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். படித்து முடித்ததும் மதினி கேட்பாள், "அம்புட்டுத்தானா? வேற கெட்ட சேதி ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"தினம் பாக்குறோம், ஒண்ணும் வரல. அப்ப எம்பிள்ளை எங்கயோ நல்லாத்தான் இருக்கான்."

சித்திரை வெயில் ஏறின சமயம், மதினி வீட்டில் மொச்சைக் குழம்பு வைத்தாள். கருவாடு சுட்டாள். எனக்கும் ஒரு தட்டுப் போட்டு, எதிரில் அவளும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிசைந்து வாயில் வைத்தவளை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நான் கை கழுவப் போனபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒதுக்கினது அப்படியே இருக்கட்டும், தெறந்து பாக்க வேண்டாம்னு செல்விகிட்டச் சொல்லிரு" என்றார் என்னிடம். நானும் சொன்னேன்.

வைகாசியில் முகூர்த்தப் பூ. செல் மறுபடி நின்று நின்று போனது. கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வாங்க நான் சின்னாளபட்டிக்குப் போன அன்று செல்வியும் கூட வந்தாள். சௌகத் அலி செல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, இடமே இல்லையேம்மா என்றார். அந்த ஆப்புக்குள் போனார்.

"ஒதுக்கி வச்சது இம்புட்டுக் கெடக்கு. படமெல்லாம் சேந்து அடைச்சுக்கிட்டு இருக்கு. அழிச்சிரவா?"

செல்வி "ஒரு நிமிசம் கொடுங்க பாய்" என்று வாங்கினாள். கடை வாசலில் நின்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். தள்ளின விரல் ஓரிடத்தில் நின்றது. மேலே போனாள், திரும்பக் கீழே வந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து செல்லை நீட்டினாள்.

"சித்தப்பா, இதை நீங்க படிங்க. எனக்குத் தப்பாத் தெரியுது."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்ட ஆரம்பித்தேன். நாற்கர சாலையில், வேடசந்தூர் தாண்டி, வாகனம் மோதி இறந்த ஆண். வயது இருபத்தைந்துக்குள். சட்டைப்பையில் கரூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு எடுத்த பஸ் டிக்கெட் தவிர எதுவும் இல்லை. செல் இல்லை. திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டிருக்கிறார். வலது கையில் பச்சை குத்திய பேர். அங்கே வந்ததும் எனக்கு எழுத்து ஓடவில்லை. நான் எப்போதும் படிக்கிற மாதிரிதான், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சேர்த்தேன். நான் சேர்த்து முடிக்கும்வரை அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் போட்டவர் ஞானதாஸ் என்று ஒருவர். யாரும் கேட்டு வராத பிரேதங்களை வாங்கி அடக்கம் செய்கிறவர். அதே சேதியை அவர் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஒரு தடவை. தாய் தகப்பன் எங்கே இருக்கிறார்களோ, பகிருங்கள் என்று ஒரு தடவை. கடைசியாக, உரிய அனுமதியோடு நல்லடக்கம் செய்தோம் என்று. மதினி கருவாடு சுட்டது அதற்கு முந்தியா பிந்தியா என்று நான் யோசித்தேன். யோசித்துவிட்டு யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

எப்படி வீட்டில் சொன்னோம் என்பதைச் சொல்ல எனக்கு ஏலாது. மதினி அழவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டாள். ஸ்டேஷனில் எடுத்துக் காட்டின சட்டையைப் பார்த்து அண்ணன் தலையை ஆட்டினார். அங்கிருந்து ஞானதாஸ் எங்களை இடுகாட்டுக்கு அழைத்துப்போனார். ஊருக்கு வெளியே கருவேலங்காட்டை ஒட்டின இடம். மதிய வெயில். மண் இறுகி வெடித்திருந்தது. ஒரு கல்லைக் காட்டி, இதுதாம்மா என்றார். நல்ல மனுசர், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மதினி அந்த மண்ணைக் கையால் தடவிக்கொண்டே சொன்னாள், "இந்தா இருக்கு ஆஸ்பத்திரி. தினம் அதைத் தாண்டித்தான் பூ கொண்டுபோறாரு இவரு. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

"போட்டேன்மா" என்றார் ஞானதாஸ். "எதுலெதுல போட முடியுமோ அம்புட்டுலயும் போட்டேன். தாய்க்கு எட்டிரும்னு நெனச்சுத்தான் அடக்கத்தையே தள்ளிக்கிட்டு வந்தோம். யாரும் வரல."

மதினி திரும்பி மகளைப் பார்த்தாள். "நம்ம செல்லுல வரவே இல்லையேத்தா."

செல்வி மண்ணைப் பார்த்தபடி நின்றாள். "வந்துச்சும்மா. நாந்தான் கண்ணுல படாம ஒதுக்கி வச்சேன்."

"நாந்தான் சொன்னேன்" என்றார் அண்ணன். "அவளைக் கேக்காத. பூவுக்காகச் சொன்னேன். அப்புறம் நீ திங்கிறதைப் பாத்துட்டு அப்படியே விடச் சொன்னேன்."

மதினி மகளையும் திட்டவில்லை, புருசனையும் திட்டவில்லை. கையில் ஒட்டின மண்ணைத் தட்டவும் இல்லை. தனக்குத்தானே சொல்லுவது மாதிரி சொன்னாள்.

"எம்பிள்ளை இங்க கேட்க ஆள் இல்லாமக் கெடந்திருக்கான். நான் குழம்பு ஊத்திச் சோறு தின்னுருக்கேன்."

வீட்டுக்கு வந்து தலைமுழுகினோம். தீட்டு வீட்டுக்காரர்கள் பூக்காட்டுக்குள் இறங்க முடியாது. தீட்டு வீட்டுப் பூவை எடுக்க ஜக்கம்மாளும் மற்றவர்களும் வரமாட்டார்கள். நானும் பிணம் கிடந்த இடத்தை மிதித்தவன், வரப்பு வரைக்கும்தான் போகலாம். முகூர்த்த நாளில் காடு அப்படியே நின்றது. இத்தனை வருசத்தில் என் கண்ணால் நான் பார்க்காததை அன்றைக்குப் பார்த்தேன். பொழுது சாயச் சாய, ஒரு மொட்டு விடாமல் வாய் திறந்தது. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை விரித்துப்போட்ட வேட்டி மாதிரி. காற்றடித்த பக்கமெல்லாம் வாசம். துக்கம் கேட்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜக்கம்மாளும் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அண்ணன் எழுந்து காட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு மகளிடம் கையை நீட்டினார். "அதைக் கொடு. கிணத்துல போட்டு வாரேன்."

"வேண்டாம்" என்றாள் மதினி. "ஏத்தா செல்வி, இங்க வா. நீ ஒதுக்கி வச்சதெல்லாம் அதுக்குள்ளதான இருக்கு?"

"இருக்கும்மா."

"எடு."

"எதுக்கும்மா? அவனோடதை அன்னைக்கே படிச்சிட்டோமே."

"அவனது மட்டுமா கெடக்கு? எடு. மேல இருந்து ஒவ்வொண்ணாப் படி."

செல்வி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மா காலடியில் உட்கார்ந்து செல்லைத் திறந்தாள். ஜக்கம்மாள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

செல்வி படிக்க ஆரம்பித்தாள். பேருந்து நிலையத்தில் கிடந்த ஒருவர். பேர் தெரியவில்லை. கல்குவாரித் தண்ணீரில் ஒரு பெண். ஊர் தெரியவில்லை. பச்சை நிறச் சேலை, காலில் மெட்டி. படிக்கப் படிக்க அவளுக்குக் குரல் வேகமானது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் படித்தாள்.

மதினி அவள் தோளில் கையை வைத்தாள்.

"மெதுவாப் படி" என்றாள்.